சாவியைத் திருப்புமுன்

ஜோஸ்வின் காருக்குள் உட்காரவில்லை. கதவுக்கு வெளியே நின்றபடி, இறக்கிவிட்டிருந்த கண்ணாடி வழியாகக் கையை மட்டும் நுழைத்துச் சாவியைத் திருப்பினான்.

டிக்.

ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்பினான். மறுபடியும் அதே டிக்.

"செத்துடுச்சுக்கா," என்றான். அந்தச் சொல் வெளியே வந்த பிறகுதான் அவன் காதிலேயே விழுந்தது போலிருந்தது. "பேட்டரி," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்.

கெசியா தலையை மட்டும் அசைத்தாள். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து நான்காவது குறுக்குத் தெருவில், கேட்டைத் தாண்டிப் பெட்டி வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி. ஹாலில் அது நுழையாது. சோபாவை எடுத்தாலும் திரும்பாது. போர்ட்டிகோவில்தான் வைக்க வேண்டும். போர்ட்டிகோவில் அப்பாவின் கார் நின்றது. அப்பா பத்து மணிக்கு ஆம்புலன்ஸில் வருகிறார். இப்போது ஒன்பதேகால்.

காரின் மூக்குக்கு இரண்டடி முன்னால் ஹாலுக்கு ஏறும் மூன்று படிகள். கீழ்ப்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். உள்ளே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் தாங்கவில்லை என்று வெளியே வந்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு குடம் வைக்கலாம், அவ்வளவு இடம். பக்கத்தில் எதிர்வீட்டு ரமா மாமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாஸ்க் போட்டிருந்தாங்க மாமி," அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஆறாவது முறை. "கண்ணத் தொறந்து என்னையப் பாத்தாரு. 'கிருபை இருக்கு'ன்னாரு. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. அப்புறம் பேசவே இல்ல."

"பெரிய மனுஷன்," என்றாள் மாமி. "அந்த நேரத்துல அப்படிச் சொல்ல எத்தன பேருக்கு வாய்க்கும்?"

அப்பா அதைச் சொன்னபோது கெசியாவும் அங்கேதான் இருந்தாள். கட்டிலின் இடப்பக்கம் நின்றிருந்தாள். முகமூடிக்குள் ஆக்ஸிஜன் சீறும் சத்தத்தில் அவளுக்குக் கேட்டது 'இருக்கு' மட்டும்தான். முன்னால் ஏதோ ஒரு 'கி'.

பெட்டி வண்டிக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். சாவு வீட்டுக்கென்றே ஒரு தணிந்த குரலை வைத்திருந்தார்.

"சார், ஆம்புலன்ஸு கெளம்பிடுச்சாம். இந்த வண்டி போனாத்தான் பொட்டிக்கு எடம் கீது. தள்ளிடலாமா?"

"தள்ளிடலாம்."

இருவரும் காரின் முன்பக்கம் கைவைத்து வாசல் பக்கமாகத் தள்ளினார்கள். அம்மா கால்களை ஒடுக்கிக்கொண்டாள். கார் ஓர் அங்குலம் போலப் பின்னால் போயிற்று. பிறகு யாரோ உள்ளிருந்து பிடித்து இழுத்தது போல அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. மறுபடி தள்ளினார்கள். மறுபடி போய், மறுபடி வந்தது.

"இன்னா சார் இது, போய்ப் போய் வருது. கியர்ல கீதா?"

"சான்ஸே இல்ல," என்றான் ஜோஸ்வின். "எங்கப்பா கியர்ல வுட்டதே கிடையாது. எப்பவும் நியூட்ரல்தான். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்னாடி வீலுக்குக் கல்லும் வைப்பாரு." எட்டி உள்ளே பார்த்தான். "ஹேண்ட்பிரேக்கும் எறங்கித்தான் இருக்கு."

"அப்போ வீல் ஜாம். மூணு வாரமா நிக்குது, மய வேற. பிரேக்கு ஒட்டிக்கினு இருக்கும். இஞ்சின் ஸ்டார்ட் பண்ணி ஒரு உதறு உதறுனா வுட்ரும்."

ஹேண்ட்பிரேக் இறங்கியிருக்கிறது என்று ஜோஸ்வின் சொன்னது கெசியாவின் காதில் ஒரு முள் போலத் தைத்தது. அதற்குள் ஏஞ்சல் அத்தை உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

ஏஞ்சல் அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமோ சாவோ, எல்லா வேலையும் தன் தலையில்தான் என்று நினைப்பவள். போனைக் காட்டினாள். ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து மாதிரி வந்திருந்தது: அப்பாவின் படம், பெயர், பிறந்த தேதி, 'மகிமைக்குள் பிரவேசித்தது' என்று இறந்த தேதி. கீழே பெரிய சிவப்பு எழுத்தில், 'கிருபை இருக்கு'.

"'இருக்கிறது'ன்னு போடச் சொல்லவா? எழுத்துத் தமிழ்ல?"

"அவர் சொன்ன மாதிரியே இருக்கட்டும் அத்தை."

"அதான் நானும் நெனச்சேன். பாஸ்டரும் இதை வெச்சே பேசுறேன்னுட்டாரு." அத்தை கண்ணைத் துடைத்தாள். "உங்கம்மாவுக்கு இது ஒண்ணுதான்டி தெம்பு. இத சொல்லிச் சொல்லித்தான் உக்காந்திருக்கா. இல்லன்னா எப்பவோ விழுந்திருப்பா."

கெசியா திரும்பி வந்தபோது, இன்ஜினை மூடும் காரின் முகப்பு திறந்து நின்றது. வண்டிக்காரர் ஒரு பெரிய பேட்டரியைத் தூக்கி வந்து முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"ஏது இது?" என்றாள்.

"பொட்டியோட பேட்டரிம்மா. கரண்டு போனா பொட்டிய ஓட்டறதுக்கு. ஃபுல் சார்ஜ்ல கீது." கொஞ்சம் தயங்கினார். "ஐயாவுக்காகக் கொண்டாந்ததுதான். ஐயா வண்டிக்கே ஆவட்டும்."

ஜோஸ்வின் சிவப்பும் கறுப்புமான கேபிள்களைப் பிரித்தான். சிவப்பின் ஒரு முனையைக் காரின் பேட்டரியில் கூட்டல் குறி போட்ட முனையில் கவ்வ வைத்தான். மறு முனையைப் பெட்டி பேட்டரியின் கூட்டலில். கறுப்பை முதலில் பெட்டி பேட்டரியின் கழித்தலில் மாட்டினான். அடுத்த முனையோடு காரின் பேட்டரிக்குக் குனிந்தபோது கெசியா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதுல இல்ல. இஞ்சின்ல எங்கியாவது பெயிண்ட் இல்லாத இரும்புல மாட்டு."

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா?"

"கரண்டுக்கு ஒண்ணுதான். கடைசியா மாட்டுற எடத்துல பொறி வரும். பேட்டரிக்குள்ளேர்ந்து கேஸ் வரும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்க வேணாம்."

"சேம் டயலாக்," என்றான் ஜோஸ்வின். சிரிக்க வந்து, சிரிக்காமல் விட்டான். "அப்பாவே வந்து சொன்ன மாதிரி இருக்கு."

அது அப்பாவின் வாக்கியம்தான்.

அப்பா தயாளன் முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர். தண்டவாளம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கமே அது பூட்டிக்கொள்ளாதவரை பச்சை விளக்கு எரியவே எரியாதபடி இரண்டையும் கோத்து வைப்பதுதான் அந்த வேலையின் சாரம். மனிதன் மறப்பான், அதனால் இரும்பு மறக்கக்கூடாது என்பார். புதிய கார்களில் அந்த ஏற்பாடு உண்டு. கிளட்சையோ பிரேக்கையோ மிதிக்காமல் அவை உயிர் பெறாது. பெங்களூரில் ஜோஸ்வின் ஓட்டுவது அப்படிப்பட்ட கார். அதற்குச் சாவிகூடக் கிடையாது, ஒரு பட்டன்தான். ஆனால் அப்பாவின் சாம்பல் நிறக் கார் பதினெட்டு வயதானது. யார் திருப்பினாலும், எங்கே நின்று திருப்பினாலும், அது ஏன் என்று கேட்காது.

இரும்பு செய்யாததை அவர் தானே செய்தார். சாவியைத் தொடுமுன் வண்டியைச் சுற்றி வந்து அடியில் குனிந்து பார்ப்பார். உட்கார்ந்ததும் ஹேண்ட்பிரேக்கை ஒருமுறை மேலே இழுத்துப் பார்ப்பார். வலது கால் பிரேக்கில், இடது கால் கிளட்சில், தரை வரை. பிறகு கியர் கம்பியை இடமும் வலமுமாக ஆட்டுவார். நியூட்ரலில் இருந்தால் அது தளர்ந்த பல் போல ஆடும், கியரில் இருந்தால் ஆடாது. அதற்குப் பிறகுதான் சாவி. அதுவும் பாதி. சிவப்பு விளக்குகள் எல்லாம் எரிந்து, சிலது அணையும்வரை காத்திருந்து, அப்புறம் முழுத் திருப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பும்போது இதெல்லாம் நடக்கும். பின் சீட்டிலிருந்து ஜோஸ்வின், "ஏரோப்ளேன் கெளம்புது, சீட் பெல்ட் போட்டுக்கோங்க," என்பான். அம்மா மடியில் பைபிளோடு, "நீங்க விளக்கு பாத்து முடிக்கறதுக்குள்ள அங்க ரெண்டு பாட்டு முடிஞ்சிடும்," என்பாள். அம்மாவுக்குக் காரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்: இடப்பக்கம் ஏற வேண்டும், கிளம்பும்போது ஜெபம் பண்ண வேண்டும்.

"மாட்டிட்டேன்," என்றான் ஜோஸ்வின். இரும்பில் சின்னதாக ஒரு பொறி தெறித்து அடங்கியது. "இப்ப பாரு, உயிர் வந்துரும்."

முகப்பைச் சுற்றிவந்து, பழையபடியே ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான்.

"உள்ள உக்காந்து பண்ணேன்டா."

கை நின்றது. உள்ளே இருக்கையைப் பார்த்தான். முதுகுக்குப் போட்டிருந்த மரமணி விரிப்பு, தோள்பட்டை படும் இடங்களில் மட்டும் கறுத்திருந்தது. தலை சாயும் இடத்தில் ஒரு துண்டு.

"என்னால முடியலக்கா," என்றான் மெதுவாக. "அவர் வர்ற வரைக்குமாவது."

கெசியா கதவைத் திறந்தாள். சுவர் நெருக்கத்தில் பாதிதான் திறந்தது. உடம்பைக் குறுக்கி உள்ளே நுழைந்து உட்கார்ந்தாள். இந்த வண்டியை அவள் பலமுறை ஓட்டியிருக்கிறாள். ஆனால் போர்ட்டிகோவிலிருந்து வெளியே எடுத்துத் தெருவில் நிறுத்தித் தருவது எப்போதும் அவர்தான். இருக்கை அவர் உயரத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது. அவளுடைய முழங்கால்கள் ஸ்டியரிங்கில் இடித்தன. மூடிய காருக்குள் மூன்று வாரம் அடைபட்டிருந்த வாசனை. தலைவலித் தைலம், துண்டு, வெயில்.

எதிரே ஒன்றும் தெரியவில்லை. தூக்கி நிறுத்திய முகப்பு கண்ணாடியை முழுக்க மறைத்து நின்றது. அதன் கீழ்விளிம்புக்கும் காரின் உடலுக்கும் இடையில் மூன்று விரல் உயர இடைவெளி. அதன் வழியாக இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. ஒன்று ரமா மாமியுடையது. அதற்குள் கசங்கிய கைக்குட்டையோடு அம்மாவுடையது.

"...அமைதியாதான் போனாரு மாமி. கலக்கமே இல்ல. அவருக்குத் தெரிஞ்சிருக்கு..."

கெசியா இடது கையை ஹேண்ட்பிரேக்கில் வைத்தாள். அது தரையோடு படுத்திருந்தது.

"ஜோஸ். இத நீ எறக்கினியா?"

"இல்லக்கா. எறங்கித்தான் இருந்துச்சு."

அவள் ஜன்னல் வழியாகப் பின்னால் பார்த்தாள். பின் சக்கரத்துக்கு வைக்கும் கருங்கல் சுவர் ஓரத்திலேயே கிடந்தது. பெருவெள்ளம் வந்துபோன பிறகு வீட்டை உயர்த்தியபோது போர்ட்டிகோவையும் தண்ணீர் தேங்காமல் தெருவைப் பார்த்துச் சரியவிட்டிருந்தார்கள். ஹேண்ட்பிரேக் இல்லாமல், கல்லும் இல்லாமல், மூன்று வாரமாக இந்தச் சரிவில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது எது?

கையைக் கியர் கம்பியின் தலையில் வைத்தாள். இடமும் வலமுமாக ஆட்டினாள்.

ஆடவில்லை.

"ஒரு தரம் திருப்புக்கா, போதும்," என்றான் ஜோஸ்வின் ஜன்னலருகில். "இல்ல நானே..." அவன் கை சாவியை நோக்கி வந்தது.

"தொடாத!"

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "சாவியத் தொடாத! கியர்ல இருக்கு! கியர்ல இருக்குடா!"

போர்ட்டிகோவில் எல்லாச் சத்தமும் நின்றது. படிப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்த பேச்சும் நின்றது. கெசியா மூன்று விரல் இடைவெளியைப் பார்த்தாள். அம்மாவின் கை மாமியின் கையிலிருந்து மெல்ல விலகியது. விலகி, எங்கும் போகாமல், அந்தரத்தில் அப்படியே நின்றது.

கியர்ல இருக்கு.

சொற்கள் வெளியே போய்விட்டன. போனவை வேறொரு குரலில் திரும்பி வந்தன. முகமூடிக்குள்ளிருந்து, ஆக்ஸிஜன் சீறலுக்கு நடுவிலிருந்து. மூன்று தடவை.

மூன்று வாரத்துக்கு முந்தைய அந்தச் சாயங்காலம் அவளுக்கு இப்போது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவர் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் வலி தொடங்கியிருக்கிறது, இடது கையில். இந்த ஊர்க் கார்களில் ஹேண்ட்பிரேக்கும் இடது கை வேலை, கியரும் இடது கை வேலை. சரிவேறும்போது முதல் கியரில் இருந்திருப்பார். ஏறியாயிற்று. அதற்கு மேல் அந்தக் கை தூக்கவில்லை. காலை எடுத்திருப்பார், இன்ஜின் ஒரு குலுக்கலோடு தானே அணைந்திருக்கும். கியர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. இறங்கி, கல்லை எடுக்கக் குனிய முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, "லேசா மூச்சு வாங்குது," என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவே இல்லை, நேற்று மாலை அங்கேயே போய்விட்டார்.

முதல் வாரம் நினைவில்லை. அடுத்த வாரம் தொண்டையில் குழாய். குழாயை எடுத்துவிட்டு முகமூடி வைத்த நாளில்தான் கண் திறந்தார். அன்று அவர் இடது கையை உயர்த்தினார். விரல்கள் எதையோ உருண்டையாகப் பிடித்திருப்பது போலக் குவிந்திருந்தன. அந்தக் கை காற்றில் இடமும் வலமுமாக ஆடியது. கர்த்தரைத் துதிக்கிறார் என்றாள் அம்மா. ஊசி கழண்டுடும், பிடிச்சுக்கோங்க என்றாள் நர்ஸ். கெசியா அந்தக் கையைப் பிடித்து மெத்தையோடு அழுத்தினாள். அவர் மறுபடி தூக்கப் பார்த்தார். அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். "ஒண்ணும் இல்லப்பா, ஒண்ணும் இல்ல," என்றாள்.

இப்போது அதே இடது கை போலத் தன் கை கியர் கம்பியின் மேல் குவிந்திருப்பதைப் பார்த்தாள்.

"அக்கா?" ஜோஸ்வினின் முகம் வெளுத்திருந்தது. "நா அப்பவே திருப்பினேன். ரெண்டு தடவ."

"பேட்டரி இல்ல. அதனால ஒண்ணும் ஆகல."

"இருந்திருந்தா?"

 வண்டிக்காரர் சொன்னார், மெல்லிய குரலில், தன் பேட்டரியைப் பார்த்தபடி. "ஸ்டார்ட்டர் மோட்டார் இஞ்சினத்தான் சுத்தும்னு நெனச்சிக்கினு இருப்பாங்கோ. கியர்ல இருந்தா இஞ்சினும் வீலும் ஒண்ணு சார். மொத்த வண்டியும் ஒரே குதி." படிப்பக்கம் திரும்பி, வாயை மூடிக்கொண்டார்.

"அம்மா," என்றாள் கெசியா, முகப்புக்கு இந்தப் பக்கமிருந்தே. "எழுந்து உள்ள போங்கம்மா. கொஞ்ச நேரம்."

 புடவை உரசும் சத்தம். மூன்று விரல் இடைவெளியில் இப்போது வெறும் படி மட்டும் தெரிந்தது.

"பின்னால யாரும் இருக்காங்களா பாரு ஜோஸ். அடியிலயும் குனிஞ்சு பாரு."

அவன் பார்த்தான். கேட்டில் ஃப்ளெக்ஸ் கட்ட வந்தவர்களை ஓரமாக நிற்கச் சொன்னான். குனிந்து அடியிலும் பார்த்தான், அப்பா பார்ப்பது போலவே ஒரு கையைத் தரையில் ஊன்றி.

முதலில் பிரேக். கிளட்சை முதலில் மிதித்தால் கியரின் பிடி விட்டுப்போய் வண்டி தெருவுக்கு உருண்டுவிடும். கெசியா வலது காலைப் பிரேக்கில் அழுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள், பற்கள் ஒவ்வொன்றாகக் கடகடவென்று ஏறின. பிறகு கிளட்ச், தரை வரை. பிறகு கம்பியைப் பின்னால் இழுத்தாள். அது எந்த எதிர்ப்பும் இல்லாமல், காத்திருந்தது போல, நடுவுக்கு வந்தது. இடமும் வலமும் ஆட்டினாள். ஆடியது.

சாவி, பாதி. சிவப்பு விளக்குகள் எரிந்தன. அவள் காத்திருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு முழுத் திருப்பு.

இன்ஜின் ஒருமுறை இருமி, ஓடத் தொடங்கியது. ஹாலுக்குள் யாரோ விம்மி அழுதார்கள். அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்டால் அவர் கிளம்புகிறார் என்று அர்த்தம்.

*

பத்தேகாலுக்கு அவர் வந்தார். கார் நின்ற இடத்தில், டயர்கள் விட்டுச்சென்ற இரண்டு காய்ந்த பட்டைகளுக்கு நடுவில் பெட்டியை வைத்தார்கள். பதினொன்றுக்கு ஃப்ளெக்ஸ் கட்டியாயிற்று. மதியம் வரை வந்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்று அதைப் படித்துவிட்டே உள்ளே வந்தார்கள். கிருபை இருக்கு. உள்ளே வந்து அம்மாவின் கையைப் பிடித்து, "கடைசியா அப்படிச் சொன்னாராமே," என்றார்கள். அம்மா தலையை மட்டும் அசைத்தாள். ஒருவரிடமும் அந்தக் கதையைச் சொல்லவில்லை. கெசியா எண்ணிக்கொண்டே இருந்தாள். ஆறோடு நின்றுபோயிருந்தது.

"களைச்சுட்டா," என்றாள் ஏஞ்சல் அத்தை.

மூன்று மணிக்குப் பாஸ்டர் வந்தார். ஆராதனைக்கு முன் அம்மாவின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சின்ன நோட்டைப் பிரித்தார்.

"சிஸ்டர், அந்த வார்த்தையை வெச்சுத்தான் இன்னைக்குச் செய்தி. சரியா எப்படிச் சொன்னாருன்னு ஒரு தடவ சொல்லுங்க. தப்பா சொல்லிடக் கூடாது."

அம்மா கண்ணாடி மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன.  பிறகு தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"கெசியா பக்கத்துல இருந்தா. அவளக் கேளுங்க."

பாஸ்டர் நிமிர்ந்து கெசியாவைப் பார்த்தார். ஏஞ்சல் அத்தை பார்த்தாள். ஜோஸ்வின் சுவரோரம் நின்றவன் தரையைப் பார்த்தான். அம்மா மட்டும் பார்க்கவில்லை. அவளுடைய விரல்கள் கைக்குட்டையைச் சுருட்டுவதை நிறுத்தியிருந்தன.

உண்மையைச் சொன்னால் அம்மாவிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொள்வதாகும். சொல்லாவிட்டால் அவரிடமிருந்து. மூன்று வாரம் நாக்கில் வைத்துக் காப்பாற்றி, கிடைத்த ஒரே நாளில் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனவரிடமிருந்து.

"'இருக்கு'ன்னு சொன்னாரு பாஸ்டர்," என்றாள் கெசியா. "மூணு தடவ. இருக்கு, இருக்குன்னு."

"ஆமென்," என்றார் பாஸ்டர், எழுதிக்கொண்டார்.

அம்மாவின் விரல்கள் மறுபடி கைக்குட்டையைச் சுருட்டத் தொடங்கின.

*

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஆறு மணி ஆகிவிட்டது. வாடகை நாற்காலிகள் போயிருந்தன. பெட்டி போயிருந்தது. ஈரம் படிந்த நீண்ட செவ்வகம் ஒன்று போர்ட்டிகோவில் மிச்சம் இருந்தது. ஜோஸ்வின் அதன்மேல் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினான்.

"வண்டிய உள்ள வுட்ரலாமாக்கா? தெருவுல நிக்குது. காலையில ரொம்ப நேரம் இஞ்சின ஓட விட்டதுல பேட்டரி ஏறியிருக்கும்."

"நா விட்றேன்."

அவள் தெருவுக்குப் போய் வண்டியைச் சுற்றி வந்தாள், அடியில் பார்த்தாள். உட்கார்ந்தாள். இருக்கையைப் பின்னால் தள்ள நினைத்துக் கை வைத்தவள், அப்படியே விட்டுவிட்டாள். முழங்கால்கள் இடிக்க, சரிவேறிப் பழைய இடத்தில் நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக். நியூட்ரல். இன்ஜினை அணைத்தாள். இறங்கிப் போய்க் கருங்கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அணைகொடுத்தாள். சாவியை எடுக்க மறந்தது நினைவுக்கு வந்து, திரும்பிப் போய் எடுத்தாள்.

அம்மா ஹாலிலிருந்து வந்து மேல்படியில் நின்றாள். வெள்ளைப் புடவையில் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள்.

"உள்ள வெச்சிட்டியா?"

"ம். ஹேண்ட்பிரேக் போட்டுட்டேன். கல்லும் வெச்சாச்சு."

அம்மா காரைப் பார்த்தாள். விளக்கு போடும் நேரம். எதிர்வீட்டில் ரமா மாமி விளக்கு ஏற்றியிருந்தாள். சேர்ந்து வாழ்ந்த முப்பத்தெட்டு வருஷத்தில் வண்டியைப் பற்றி அம்மா ஒரு கேள்வி கேட்டதில்லை.

"கியர்ல இல்லியே?" என்றாள்.

கெசியா சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இல்லம்மா."

"பாத்தியா? ஆட்டிப் பாத்தியா?"

அவள் ஆட்டிப் பார்த்திருந்தாள். இருந்தாலும் கதவைத் திறந்தாள். குனிந்து இடது கையை உள்ளே நீட்டி, கம்பியின் தலையைப் பிடித்து, அம்மாவுக்குத் தெரியும்படி இடமும் வலமுமாக ஆட்டினாள்.

அம்மா அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு இரண்டு படி இறங்கி வந்து, காலையில் உட்கார்ந்த அதே கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். ஆனால் நடுவில் அல்ல. சுவரை ஒட்டி, ஓரமாக. கொஞ்சம் நகர்ந்து கெசியாவுக்கும் அந்தப் பக்கமே இடம் விட்டாள். காரின் மூக்குக்கு நேராக இருந்த படி காலியாக இருந்தது.